சனிக்கிழமை, தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு

தொண்ணூற்றேழு புள்ளி நாலு, எழுது, அடுத்த அறை. காலை ஆறு மணிக்கு இந்த முதியோர் இல்லத்தில் இருபத்து மூன்று நெற்றிகள் தாரணிக்காகக் காத்திருக்கும், இல்லை, இருபத்திரண்டு, இன்னும் இருபத்து மூன்று என்றேதான் வாயில் வருகிறது, ஏழு மணிக்குக் காபி வண்டி கிளம்புவதற்குள் அத்தனையையும் பார்த்து, நோட்டில் ஏற்றி, வாசுகி மேடம் மேஜையில் வைத்தாக வேண்டும். வலது கையில் டெம்பரேச்சர் கன், கக்கத்தில் நோட்டு, காதில் பேனா, தோளில் ஒரு காய்ந்த துண்டு, மூக்குமேல் இரண்டு மாஸ்க், அதற்கும் மேலே முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு, மூச்சு விட்டால் தகடு பனிபிடித்து எதிரே உட்கார்ந்திருப்பது மனுசனா தலையணையா என்றே தெரியாது. துண்டு மட்டும் புதுசு. பதின்மூன்று நாளாகத்தான் அது தோளில் இருக்கிறது. எதற்குத் துண்டு என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று முதல் நாள் நினைத்திருந்தாள், யாரும் கேட்கவில்லை, கேட்காததற்கும் அவர்கள்மேலேயே கோபம் வந்தது, உங்களுக்கெல்லாம் கண் இல்லையா, போன மாசம்வரை துண்டு இல்லாமல் வந்தவள் இப்போது ஒவ்வொரு நெற்றியாகத் துடைத்து, ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் பார்க்கிறாளே, ஏன் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றாதா. தோன்றாது. புள்ள பொறுப்பாயிட்டா என்றுதான் தோன்றும். மூன்றாம் அறை சௌந்தரம் அம்மா வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினார். "சுட்டுராத அம்மணி, காபி குடிச்சுப்போட்டுச் சாகறேன்." போன மாசம் இதற்குச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு நெற்றியைத் துடைத்து, ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, மனசுக்குள் அறுபதுவரை எண்ணினாள். எண்ணுவது அவளுக்குப் பிடிக்காத வேலை. நிற்பதே பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கப் பிடிக்காது, ரேஷன் கடையில் நிற்கப் பிடிக்காது, பன்னிரண்டாவது பாதியில் நின்றதற்கும் பெரிய கதை ஒன்றும் கிடையாது, படிப்பு ஏறவில்லை, போனில் பாடம் நடத்தினார்கள், தூக்கம் வந்தது, விட்டுவிட்டாள். அந்த ஒரு நிமிஷம் நிற்கப் பொறுமை இருந்திருந்தால். தொண்ணூற்றேழு புள்ளி ஏழு. எழுது.

மேடம் முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தார், சொல்லிக் கொடுக்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது. மேடம் முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார். "வேர்வை இருக்கும், எண்ணெய் இருக்கும், பொட்டு பவுடர் இருக்கும். துடை. ஒரு நிமிஷம் விடு. அப்புறம் வை." துடை, விடு, வை, மூன்றே வார்த்தை, இதில் புரியாதது என்ன. இரண்டாவது அலை ஊரையே வாரிக்கொண்டு போன அந்த மே மாசத்தில் இங்கே வேலை பார்க்கிற ஆறு பேரும் வீட்டுக்கே போகாமல் இங்கேயே பாய் போட்டுப் படுத்தார்கள், வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது, உள்ளாள் வெளியே போகக் கூடாது, காய்கறி கேட்டுக்கு வெளியே இறங்கும், அரை நாள் வெயிலில் கிடந்த பிறகுதான் உள்ளே வரும், சொந்தக்காரர்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டலாம், நாம் இந்தப் பக்கம் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். துடைப்பக்கட்டையைப் பெயிண்டில் முக்கிக் கோடு போட்டவளே தாரணிதான், நேராக வரவில்லை, வாத்து நடந்த மாதிரி இருக்கு என்று ஜோசப் ஐயா ஜன்னலிலிருந்து கத்தினார், ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருஷம் பஸ் ரிப்பேர் பார்த்தவருக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும், கை மட்டும் அவருக்கு நேராக நிற்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். இத்தனையும் செய்தோம். எலுமிச்சம்பழத்தைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினோம். நெற்றியை மட்டும் கழுவவில்லை.

நாலாவது அறை, தொண்ணூற்றெட்டு. ஐந்தாவது அறை, தூங்குகிறார், தூங்கட்டும், தூங்கினாலும் துடை. ஒன்பதாவது அறைக்கு இன்னும் நாலு அறை இருக்கிறது. நேற்று இந்த நேரத்துக்குத்தான் சாந்தாமணி அக்கா போன் பண்ணியது. அக்கா இங்கே சமையல், ஏழு வருஷமாகச் சமையல், இட்லியை ஊசியால் குத்திப் பார்க்காமல் மூக்கால் மோந்தே வெந்துவிட்டது என்று சொல்லும். ஹலோகூடச் சொல்லவில்லை. "நாந்தான் கொண்டாந்தனா கண்ணு? நீ சொல்லு. நோட்டு உன்ர கையிலதான இருக்குது." தாரணி என்ன சொன்னாள்? தெரியலைக்கா என்றாள். தெரியலைக்கா. அந்த வார்த்தையை வாய்க்குள் இன்னும் துப்ப முடியவில்லை, மாஸ்க்குக்குள்ளேயே கிடந்து நாறுகிறது. அக்காவின் மகளுக்கு ஏழு வயசு. இருபத்தெட்டு நாளாக அம்மாவைப் பார்க்காத பிள்ளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டனோடு கேட்டுக்கு வந்தது, முன்பல் விழுந்துவிட்டது, அதைக் காட்ட வந்தது, அவ்வளவுதான். கம்பிக்கு அந்தப் பக்கம் வாயை ஈயென்று திறந்து காட்டியது. அக்கா மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், கம்பிக்குள் கையை விட்டு, பிள்ளையின் தாடையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, அந்த ஓட்டையைப் பார்த்தது. கேமராவில் எல்லாம் இருக்கிறது. பத்து செகண்டுகூட இருக்காது. புதன்கிழமை கொரோனா டெஸ்ட் முடிவு வந்தது, ஒன்பதாவது அறை நாச்சிமுத்து ஐயாவுக்கு இருக்கிறது, அவர் அறையிலேயே இருந்த ஜோசப் ஐயாவுக்கு இருக்கிறது, சாந்தாமணி அக்காவுக்கு இருக்கிறது. மேடம் கேமராவை ஓட்டினார், நோட்டைப் புரட்டினார், ஞாயிற்றுக்கிழமைவரை எல்லாருக்கும் சுத்தம், தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. அப்புறம் என்ன, கணக்கு நேராகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வாங்கி, கஞ்சியோடு ஒன்பதாவது அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் அக்கா ஏறும்போதே பையை முழுசாகக் கட்டி வைத்திருந்தார்கள், இனி வர வேண்டாம், குணமானதும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் போனது. இன்றைக்குப் பதினொரு மணிக்கு சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வருகிறார். சமையலம்மா விதியை மீறினார், அதனால் நீக்கப்பட்டார் என்று ஒரு தாள் டைப் ஆகி மேடத்தின் மேஜையில் கிடக்கிறது, நோட்டின் நகலோடு சேர்ந்து போகும், போய்விட்டால் முடிந்தது, அந்தத் தாளோடு அக்கா இந்த ஊரில் எந்த அடுப்படியிலும் போய் நிற்க முடியாது. "தாரணி எழுதுன நோட்டுன்னா கண்ண மூடீட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று மேடம் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். எழுத்து நன்றாக இருக்கும், அதென்னவோ உண்மை. முத்து முத்தாக எழுதுவாள். முத்து முத்தாக எழுதிய பொய்.

பொய்யா? எழுதும்போது பொய் இல்லை. மிஷின் தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு என்று காட்டியது, தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு என்று எழுதினாள், இதில் எங்கே பொய். இப்படித்தான் தினமும் ஏழாவது அறைக்கும் எட்டாவது அறைக்கும் நடுவில் தன்னையே விடுதலை பண்ணிக்கொள்கிறாள், எட்டாவது அறையிலிருந்து வெளியே வரும்போது மறுபடி பிடித்து உள்ளே போட்டுக்கொள்கிறாள். நாச்சிமுத்து ஐயா மில்லில் டைம்கீப்பராக இருந்தவர், சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்துகிற ஆள், ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனைத் திருப்பி அனுப்பிய கதையை அறுபது தடவை சொல்லியிருப்பார். நாலரைக்கு எழுந்து, வெந்நீரில் குளித்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து நெற்றி முழுக்க மூன்று பட்டை, தோளில் மூன்று, மார்பில் மூன்று, அது காயும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. முதல் நாள் துடைக்கத்தான் போனாள். "என்ற நெத்தீல கை வெக்கறதுக்கு நீ யாரு புள்ள?" என்று ஒரு கத்து, நடைபாதை முழுக்கக் கேட்டது, பக்கத்துக் கட்டிலில் ஜோசப் ஐயா கையோடு சேர்ந்து தோளும் குலுங்கச் சிரித்தார், "பட்டையடிச்சவனக் கோவப்படுத்தாத பாப்பா, அப்புறம் எனக்குத்தான் சட்னி கொறையும்." அத்தனை பேர் காதில் விழுந்துவிட்டது என்ற எரிச்சலில், போய்யா பெரியவரே, உன் நெற்றி உன்னோடு என்று ஈரத் திருநீற்றின் மேலேயே கன்னை நீட்டினாள். பீப். ஒரு எண் வந்தது. மிஷினுக்கு ஏதோ ஒரு எண் வந்தால் போதும், அவளுக்கும் போதும். அன்றிலிருந்து அப்படித்தான். அவரும் கத்தவில்லை, அவளும் நிற்கவில்லை, இரண்டு பேருக்கும் வசதி. டெஸ்ட் முடிவு வந்ததற்கு முந்தின வாரம் புதன்கிழமை அவரைக் காரில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், ஆபரேஷன் பண்ணிய கண்ணைக் காட்ட, மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார், அங்கேயாக இருக்கும், வேறெங்கேயாகவும் இருக்கும், அது யாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது சனிக்கிழமை. சனிக்கிழமை பிரஷர் மாத்திரை கொடுக்கும்போது அவர் விரல் அவள் உள்ளங்கையில் பட்டது, கையுறைக்கு மேலேயே சுட்டது. சுட்டது. சுட்டதா? சுட்டது. வெந்நீரில் குளித்திருப்பார் என்று நினைத்தாள், நினைத்தாள்கூட இல்லை, நினைக்கிற மாதிரி ஒன்று தலைக்குள் வந்து போனது, கன்னைப் பார்த்தாள், தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு, சரிதான், அடுத்த அறை. நாலரைக்குக் குளித்தவர் ஆறரை மணிவரைக்கும் சுடுவாரா? இட்லிக் கொப்பரைகூட அதற்குள் ஆறிவிடும். சனிக்கிழமை. அக்கா கேட்டுக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை. இதைப் புரிந்துகொள்ளப் பன்னிரண்டாவது முடித்திருக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமைதான் பிடிபட்டது. ஜோசப் ஐயாவுக்கு மூச்சு இழுத்தது, நூற்று மூன்று, மேடம் போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டே ஆக்சிஜனுக்கு ஓடினார், கூட இருக்கிறவருக்கு அக்குளில் கண்ணாடித் தெர்மாமீட்டர் வைத்துப் பார் என்று போகிற போக்கில் சொன்னார். வைத்தாள். நூற்றிரண்டு. கன்னை எடுத்து அந்தப் பட்டைமேல் வைத்தாள், தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. அவர் கண்ணை மூடிக் கிடந்தார், கத்தத் தெம்பில்லை. கட்டை விரலால் அந்த மூன்று கோட்டையும் தேய்த்து எடுத்தாள், விரலில் சேறு மாதிரி ஒட்டியது, தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு நெற்றியை ஊதிக் காய வைத்து மறுபடி வைத்தாள். நூற்றொன்று புள்ளி எட்டு. அறையில் வேறு யாரும் இல்லை. அந்த எண்ணை அவளும் மிஷினும் மட்டும்தான் பார்த்தார்கள், மிஷின் பத்து செகண்டில் அணைந்துவிட்டது. நோட்டில் தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் எழுதினாள். அவ்வளவுதான் நடந்தது. இல்லை, அவ்வளவுதான் இல்லை, எட்டாவது அறை வந்துவிட்டது, எட்டாவது அறையில் எப்போதும் திங்கட்கிழமை வந்துவிடும். வராதே. தொண்ணூற்றேழு புள்ளி ஐந்து, எழுது. வருகிறது. திங்கட்கிழமை காலையில் அந்த அறைக்குள் போனபோது ஜோசப் ஐயா நெற்றியிலும் பட்டை இருந்தது. கோணல்மாணலாக, ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு கோடு புருவத்தில் இறங்கியிருந்தது. தலைவலி என்று முனகியிருக்கிறார், நாச்சிமுத்து ஐயா தன் கிண்ணத்திலிருந்து வழித்து அப்பிவிட்டிருக்கிறார், குளுகுளுன்னு இருக்குமடா வேதக்காரா என்று. மாஸ்க் போட்ட முகத்தைப் பார்த்தால் ஜோசப் ஐயா பயப்படுவார், அதனால் மாஸ்க்கை இறக்கிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, நாச்சிமுத்து ஐயாதான் தினமும் அவருக்கு இட்லி ஊட்டுவார், நடுங்குகிற தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அன்றைக்கும் ஊட்டினார். தாரணி வாசலில் நின்று சிரித்தாள். சிரித்தாள் என்பதுதான். "சர்ச்சுல சேத்துக்க மாட்டாங்க ஐயா" என்றாள். "கர்த்தரு கண்ண மூடிக்குவாரு பாப்பா, நீ கன்ன வை" என்றார். வைத்தாள். அந்த ஈரத்தின்மேலேயே வைத்தாள். தொண்ணூற்றேழு புள்ளி மூன்று. ஒரு நாள். ஒரு முழு நாள் இருந்தது. திங்கட்கிழமை ஆம்புலன்ஸில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரா, மேடத்திடம் கேட்க முடியாது, கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், டாக்டரிடம் கேட்க முடியாது, யாரிடமும் கேட்க முடியாத ஒரே ஒரு கேள்விக்காக இவள் பதின்மூன்று நாளாக ஒவ்வொரு நெற்றியாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். பையில் கட்டிக் கொண்டுபோனார்களாம், அவர் மகள் தூரத்திலிருந்து போனில் படம் பிடித்தாளாம். ஒரு நாள் முன்னாடியே தெரிந்திருந்தால். மூன்று நாள் முன்னாடி. விரல் சுட்டபோது.

ஒன்பதாவது அறை. நாச்சிமுத்து ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது, நேற்று மேடமே வந்து பார்த்துக்கொண்டார், இன்றைக்குத் தாரணியின் முறை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள், கத்தட்டும், இன்றைக்கு அடித்தாலும் துடைத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குளித்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. இத்தனை நாளும் திருநீற்றுக்கு அடியில் இருந்த தோல் வெளுப்பாக, சின்னப் பிள்ளையின் நெற்றிபோல இருந்தது, துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். "வை" என்றார். வைத்தாள். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. "பட்டை போடலைங்களா ஐயா?" என்று கேட்டது அவள் வாயா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஆஸ்பத்திரீல ஒரு நர்சுப் புள்ள. எல்லாருக்கும் இப்பிடித்தான் வெச்சுப் பாத்துக்கிட்டு வந்துது. எனக்கு வந்ததும், இத அழிச்சாத்தான் மிஷினுக்குத் தெரியும் தாத்தான்னு சொல்லுச்சு." கை போர்வையைக் கசக்கியது. "அவனுக்கும் நாந்தான பூசிவுட்டேன்." தாரணி துண்டை மடித்துத் தோளில் போட்டாள். "உன்மேல தப்பில்ல அம்மணி. நாந்தான் உன்னத் தொடவிடாம வெரட்டுனேன். நீ என்ன பண்ணுவ. யாருகிட்டயும் சொல்லிப்போடாத. நானும் சொல்ல மாட்டேன். அவன் புள்ள காதுல வுழுந்தா, ஊட்டிவுட்டவனே கொன்னுபோட்டான்னு ஆயிரும்." அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது, தப்பித்துப் போ என்று திறந்துவிட்டார், பதின்மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்ததை அவரே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார், சரிங்கய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தாவது அறை, காபி, பதினொரு மணி, முடிந்தது. எவ்வளவு சுலபம். ஈரத்துக்கு மேலேயே வைத்தபோதும் இப்படித்தான் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. "சாந்தாமணி அக்காங்க ஐயா?" என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். "அவளுக்கென்ன, நல்லாச் சமைப்பா. வேறெங்கியாச்சும் கெடைச்சுரும்." சொல்லிவிட்டு அவரே தன் வார்த்தையைக் கேட்டவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

தாரணி சுருட்டிய மெத்தைமேல் நோட்டை வைத்துப் பின்னால் புரட்டினாள். பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து, முத்து முத்தாக. சனிக்கிழமை, அறை ஒன்பது, நாச்சிமுத்து, தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. அடிக்கவில்லை, அடித்தால் திருத்திவிட்டாள் என்பார்கள். பக்கத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. நெற்றியைத் துடைக்காமல் ஈரத் திருநீற்றின்மேல் பார்த்தது, கை சுட்டது, சொல்லவில்லை, தாரணி. ஞாயிற்றுக்கும் துடைக்காமல் என்று எழுதினாள். திங்கட்கிழமைக்கு இரண்டு பெயருக்கும் எழுதினாள், ஜோசப் என்ற பெயருக்கு நேரே எழுதும்போது எழுத்து கோணியது, வாத்து நடந்த மாதிரி. "என்ன எழுதற?" என்றார் பெரியவர். "நான் தொடைக்காததத்தானுங்க எழுதறேன். நீங்க கத்துனத எழுதல." அவர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றாள், திட்டினால் நன்றாக இருக்கும். அவர் கையை உயர்த்தி, பட்டை இருக்க வேண்டிய இடத்தை மூன்று விரலால் மெதுவாகத் தடவிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமும் இல்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் நோட்டு மேடம் கைக்குப் போகும். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டார். இவளை வைத்துக்கொள்வார்களா, பையைக் கட்டச் சொல்வார்களா, ஜோசப் ஐயாவின் மகள் வந்து கேட்டில் நின்று கேட்டால் எந்தக் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்பது. இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் ஏழு மணி ஆகிவிடும். நடைபாதைக்கு வந்து, தகட்டை மேலே தூக்கி, மாஸ்க் இரண்டையும் இறக்கிவிட்டுப் போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டது அக்கா.

"அக்கா, நீங்க இல்லைங்க்கா."

"என்ன கண்ணு? யாரு?"

"நீங்க கொண்டாரலைங்க்கா. சனிக்கெழமையே நாச்சிமுத்து ஐயாவுக்குக் காச்சல் இருந்துச்சு. நான் நெத்தியத் தொடைக்காம பாத்தேன். எனக்குச் செவ்வாக்கெழமையே தெரியும். நேத்துப் பொய் சொன்னேன். இப்ப நோட்டுல எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒன்று சீறிக்கொண்டிருந்தது, விசில் வரப்போகிறது, வரப்போகிறது என்று, வரவில்லை, யாரோ அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. அக்கா அழும் என்று நினைத்தாள். நல்ல புள்ள, இப்பவாவது சொன்னியே என்று சொல்லும் என்றும் ஒரு ஓரத்தில் நினைத்திருக்க வேண்டும், அது இப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் காது சுட்டது.

"இதச் சொல்றதுக்குப் பதிமூணு நாளாச்சா உனக்கு?"

"ஆமாங்க்கா."

தூரத்தில் அந்தப் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் யாரும்மா போன்ல என்று கேட்டது, பல் விழுந்த ஓட்டையில் காற்றுப் போய் வார்த்தை வழுக்கியது. யாருமில்ல, நீ படு என்றது அக்கா. போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை. தாரணியும் வைக்கவில்லை. நின்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தது மனசு. அறுபது தாண்டியது, அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. பத்தாவது அறையில் யாரோ, அம்மணி, எங்களையெல்லாம் மறந்துட்டியா என்று கூப்பிட்டார்கள். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. எண்ணிக்கொண்டே நின்றாள்.